தொண்டிக் கடலில் 40 ஹெச்பி படகு: எவ்வளவு பெட்ரோல் குடிக்கும்?

ஜனவரி 18: வந்த கேள்வி

காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன் அண்ணே. நானும் என் பங்காளியும் சேர்ந்து 19 அடி ஃபைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறோம். 40 ஹெச்பி ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் எஞ்சின்), 24 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க். ஞாயிற்றுக்கிழமை தொண்டியில் இறக்கி, பிள்ளைகளோடு ஒரு சுற்று போய்விட்டு வரத்தான். விற்றவர் "லிட்டருக்கு மூணு கிலோமீட்டர் நிச்சயம்" என்கிறார். மெக்கானிக் "மணிக்குப் பன்னிரண்டு லிட்டர் வச்சுக்குங்க" என்கிறார். படகில் பெட்ரோல் மீட்டர் கிடையாது. டேங்க் மூடியில் ஒரு முள் இருக்கிறது, படகு ஆடினால் அதுவும் ஆடுகிறது. எதை நம்பி எவ்வளவு தூரம் போகலாம்?

ஜனவரி 18, இரவு

இரண்டு பேர் சொன்னதும் உண்மையாக இருக்கலாம் தம்பி. மெக்கானிக் முழு த்ராட்டிலைச் சொல்கிறார். விற்றவர் அலையில்லாத கடல், ஆள் குறைவு, சுத்தமான அடிப்பாகம், சரியான வேகம் எல்லாம் கூடி வந்த ஒரு நாளைச் சொல்கிறார்.

முதலில் ஒரு குத்துமதிப்பு. ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின் முழு வேகத்தில் ஹெச்பிக்கு மணிக்கு 0.3 முதல் 0.35 லிட்டர் எடுக்கும். 40 ஹெச்பிக்கு 12 முதல் 14 லிட்டர். கார்புரேட்டர் வைத்த பழைய டூ ஸ்ட்ரோக் என்றால் 0.4-க்கு மேல் போடுங்கள், அதில் எரியாத பெட்ரோல் ஒரு பங்கு புகையோடு வெளியே போய்விடுகிறது. டீசல் எஞ்சினுக்கு 0.22 அளவில் நிற்கும்.

இது எஞ்சினின் கணக்குதான். உங்கள் படகின் கணக்கை நீங்களேதான் அளந்து எடுக்க வேண்டும்.

ஜனவரி 19

நேற்று சொன்ன 14 லிட்டர் முழு த்ராட்டிலுக்கு மட்டும். ப்ரொப்பெல்லர் கேட்கும் சக்தி, ஆர்பிஎம்மின் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகளின்) மூன்றாம் அடுக்கை ஒட்டி ஏறும். ஆர்பிஎம்மை 80 சதவீதமாகக் குறைத்தால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும். கடலில் கணக்குப் புத்தகம் மாதிரி அப்படியே வராது, ஆனால் போக்கு அதுதான். கையைக் கொஞ்சம் தளர்த்தினாலே பெட்ரோல் நிறைய மிஞ்சும்.

அப்புறம், பைக் ஓட்டிப் பழகியவர்கள் எதிர்பார்க்காத ஒன்று படகில் உண்டு. தண்ணீரில் உட்கார்ந்து போகும் வரைக்கும் படகுக்கு ஒரு வேக வரம்பு இருக்கிறது. நீர்மட்டத்தில் படகின் நீளம் எத்தனை அடியோ, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் அந்த வேகம் வரும். 17 அடி நீர்மட்ட நீளத்துக்கு ஐந்தரை நாட், அதாவது மணிக்குப் பத்து கிலோமீட்டர் சொச்சம். அதைத் தாண்டும்போது முன்பக்கம் தூக்கி, பின்பக்கம் பள்ளத்தில் இறங்கும். மேடேறும் மாட்டுவண்டி மாதிரி தான் எழுப்பிய அலைமேலேயே ஏறப் பார்க்கும். ஏறி முடித்து, தண்ணீர்மேல் வழுக்க ஆரம்பித்துவிட்டால் இழுவை குறையும். நடுவில் இருக்கும் அந்த வேகத்தில்தான் பெட்ரோல் வீணாகக் கரையும். எரிச்சலும் அங்கேதான், முன்னால் கடலே தெரியாது.

ஆக "என்ன மைலேஜ்" என்று ஒற்றை எண்ணைக் கேட்டுப் பயனில்லை. எந்த வேகத்தில், எத்தனை பேரோடு, எந்தக் காற்றில் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஜனவரி 26

எப்படி அளப்பது என்று பள்ளத்தூர்த் தம்பியும் கேட்டிருந்தார். நான் செய்வதைச் சொல்கிறேன். டேங்கை எடை போடுகிறேன்.

நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்க்கும் முறை சின்ன ஓட்டத்துக்கு ஒத்துவராது. டேங்க் கொஞ்சம் சாய்ந்திருந்தாலோ கழுத்தில் காற்று அடைத்துக்கொண்டாலோ அரை லிட்டர் இப்படியும் அப்படியும் போகும். மூன்று லிட்டர் செலவாகும் ஓட்டத்தில் அரை லிட்டர் தவறினால் அந்த எண்ணை வைத்து என்ன செய்வது? எடையில் அந்தத் தொல்லை இல்லை. மளிகைக் கடையில் இருக்கும் 30 கிலோ எலக்ட்ரானிக் தராசு போதும், பேட்டரியில் ஓடும், பத்து இருபது கிராம் வரைக்கும் சரியாகக் காட்டும்.

முதலில் எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி நிறுத்துங்கள். ப்ரைமர் பல்பை, அதாவது பெட்ரோல் குழாயில் இருக்கும் ரப்பர் உருண்டையை, இறுக அமுக்குங்கள். அப்போதுதான் குழாயிலும் எஞ்சினிலும் நிற்கும் பெட்ரோல் முன்னும் பின்னும் ஒரே அளவாக இருக்கும். பிறகு குழாயைக் கழற்றி, டேங்கை மட்டும் தூக்கித் தராசில் வையுங்கள். கரையில் காற்று அடித்தால் எண் நிற்காது, கடைசி இரண்டு இலக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். நான் தராசை ஜீப்பின் பின்கதவுக்குள் வைத்து, காற்று வரும் பக்கம் அட்டைப்பெட்டியைப் பிரித்து நிறுத்துகிறேன். டேங்கைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். அடியில் இருக்கும் கால் பள்ளங்களில் கடல்தண்ணீர் தேங்கி நிற்கும், கவிழ்க்காமல் ஓரத்தைச் சாய்த்தால் சளக்கென்று கொட்டும். அதுவே நூறு கிராமுக்கு மேல் வந்து நான் பார்த்திருக்கிறேன். கைப்பிடியில் சுற்றிய கயிறு ஈரமாக இருந்தால் அதையும் அவிழ்த்துவிடுங்கள்.

அப்புறம் ஓட்டம். ஆர்பிஎம் ஒன்றைப் பிடித்து, கை மாற்றாமல் பத்து நிமிடம் ஒரு திசை, பத்து நிமிடம் அதே வழியில் திரும்பி. போனில் ஜிபிஎஸ் தூரமும் நேரமும் காட்டும். இரண்டு திசையும் ஓடினால் நீரோட்டமும் காற்றும் பெரும்பாலும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். கரைக்கு வந்து மறுபடி எடை. இப்படி ஒவ்வொரு ஆர்பிஎம்முக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்க வேண்டாம், பிற்பகலில் கடல் மாறிவிடும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் போய்த் தங்கும். திறந்த இடத்தில்தான் எடை போட வேண்டும், பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது. கரையில் வேடிக்கை பார்க்க வருபவர்களிடம் இதைச் சொல்லத் தயங்கக் கூடாது.

ஜனவரி 27

கிலோவை எப்படி லிட்டராக்குவது? பெட்ரோல் லிட்டருக்கு ஏறக்குறைய 0.74 கிலோ. பெட்ரோல் பங்க்கில் அன்றைய அடர்த்தியை எழுதி வைத்திருப்பார்கள், அது 15 டிகிரிக்கு உள்ள எண். நம் ஊர் வெயிலில் 32 டிகிரியில் அது ஒன்றரை, இரண்டு சதவீதம் போலக் குறையும்.

யோசித்துப் பார்த்தால் கிலோவிலேயே எழுதி வைப்பதுதான் நல்லது. வெயில் ஏறினாலும் இறங்கினாலும் கிலோ மாறாது. பணக்கணக்குக்கு மட்டும் லிட்டர்.

பிப்ரவரி 8

என் படகும் உங்களுடையது போலத்தான், 19 அடி, 40 ஹெச்பி. நான்கு பேர், அமைதியான காலைக் கடல். எண்களைத் தருகிறேன், ஆனால் இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

1800 ஆர்பிஎம்: மணிக்கு எட்டரை கிலோமீட்டர், 2.4 லிட்டர். லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர்.
3200 ஆர்பிஎம்: 13 கிலோமீட்டர், 6 லிட்டர். லிட்டருக்கு 2.2.
4300 ஆர்பிஎம்: 27 கிலோமீட்டர், 9 லிட்டர். லிட்டருக்கு 3.
5500 ஆர்பிஎம்: 38 கிலோமீட்டர், 14 லிட்டர். லிட்டருக்கு 2.7.

பாருங்கள், மணிக்கு 13 கிலோமீட்டரில் போவது 27-இல் போவதைவிடக் கிலோமீட்டருக்கு அதிகம் தின்கிறது. "மெதுவாப் போனா மிச்சம்" என்று கரையில் எல்லோரும் சொல்வார்கள். மிகவும் மெதுவாகப் போனால் மிச்சம்தான். அரைகுறை மெதுவில் நஷ்டம்.

பிப்ரவரி 9

டேங்க் முள்ளைப் பற்றித் தேவகோட்டை அண்ணன் கேட்டார். மிதவையில் ஓடும் முள் அது. ஓடும்போது படகு முன்னே தூக்கினால் பெட்ரோல் பின்னே ஒதுங்கும், முள் பொய் சொல்லும். தரைக்கு அடியில் நிலையான டேங்க் வைத்த படகுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. படகின் வடிவத்துக்கு ஏற்ப டேங்கும் கீழே குறுகியிருக்கும். முதல் பாதி மெல்ல இறங்கும், இரண்டாம் பாதி வேகமாக இறங்கும். முள் பாதியில் நிற்கும்போது பெட்ரோல் பாதிக்குக் கீழே இருக்கும்.

படகை நிறுத்தி, ஆட்டம் அடங்கிய பிறகு பார்த்தால் ஏதோ ஒரு தோராயம் கிடைக்கும். அதற்கு மேல் அதை நம்பக் கூடாது.

மார்ச் 1

எங்கள் வீட்டில் ஐயா காலத்துப் பேரேடுகள் இன்னும் பெட்டகத்தில் இருக்கின்றன. அன்றன்று சிட்டையில் எழுதி, பேரேட்டில் ஏற்றி, வருடக் கடைசியில் ஐந்தொகை போட்டுச் சரிபார்த்த குடும்பம். படகுக்கும் அதையே செய்கிறேன். வரவுப் பக்கம் பெட்ரோல் பங்க்கில் போட்ட லிட்டர், பில்லோடு. பற்றுப் பக்கம் ஓட்டம்: புறப்பட்ட எடை, வந்த எடை, தூரம், நேரம், ஆட்கள், காற்று. மாதக் கடைசியில் இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் குழாய் கசிகிறதா, தராசு தவறுகிறதா என்று தேடத் தொடங்குகிறேன். நிரப்பும் முறையில் வரும் அரை லிட்டர்த் தவறு ஒரு மாத மொத்தத்தில் கரைந்துவிடும், அதனால் நீண்ட கணக்குக்கு பங்க் பில் தாராளமாகப் போதும்.

நேரத்தைத் தனியாக எழுதுங்கள். தூண்டில் போட்டுக்கொண்டு நியூட்ரலில் நின்றதும், குழந்தைகள் குளிக்கச் சுற்றிச் சுற்றி வந்ததும் தூரத்தில் வராது, பெட்ரோலில் வரும்.

மார்ச் 2

சராசரியைப் பற்றி ஒரு தம்பி எழுதியிருந்தார். போகும்போது லிட்டருக்கு 3, வரும்போது 1.8, ஆக சராசரி 2.4 என்று. அப்படிக் கூட்டிப் பாதியாக்கக் கூடாது. 18 கிலோமீட்டர் போக 6 லிட்டர், வர 10 லிட்டர். 36 கிலோமீட்டருக்கு 16 லிட்டர், லிட்டருக்கு 2.25. மொத்தத் தூரத்தை மொத்தப் பெட்ரோலால் வகுப்பது ஒன்றுதான் சரி. மோசமான பாதிதான் பெட்ரோலை அதிகம் எடுக்கிறது, ஆகவே அதன் பக்கம்தான் சராசரியும் சாயும்.

அவர் எழுதிய எண்களில் என்னைப் பிடித்து நிறுத்தியது சராசரி அல்ல, 1.8. அதற்குப் பிறகு வருகிறேன்.

மார்ச் 8

ஃப்ளோ மீட்டர் வாங்கலாமா என்று மூன்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். வாங்கலாம், நல்ல பொருள். பெட்ரோல் குழாயில் ஒரு சின்னச் சக்கரம், பெட்ரோல் போகும்போது சுற்றும், சுற்றுகளை எண்ணி லிட்டராகக் காட்டும். ஆனால் சுற்றுக்கு எத்தனை மில்லி என்பதை உங்கள் எஞ்சினில் வைத்து ஒருமுறை சரிக்கட்ட வேண்டும். அவுட்போர்டு பம்ப் விட்டு விட்டு இழுப்பதால் பெட்டியிலிருந்து எடுத்தபடி மாட்டினால் தவறாகக் காட்டும். சரிக்கட்ட மறுபடியும் அந்தத் தராசுதான். ஐடிலில் பெட்ரோல் சொட்டுச் சொட்டாகப் போகும்போது பல மீட்டர்களுக்கு அது தெரியவே தெரியாது. முன்னால் ஒரு ஃபில்டர் கட்டாயம், தூசி சிக்கினால் சக்கரம் நின்றுவிடும்.

டீசல்காரர்கள் கவனிக்க: டீசல் எஞ்சின் எடுத்ததில் ஒரு பகுதியை டேங்குக்கே திருப்பி அனுப்பும். போகும் குழாயில் ஒன்று, திரும்பும் குழாயில் ஒன்று என இரண்டு மீட்டர் வைத்துக் கழிக்க வேண்டும். திரும்பி வரும் டீசல் சூடாகி விரிந்திருப்பதால் கழித்தலிலும் கொஞ்சம் தவறு ஒட்டும்.

எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் புதிய ஈஎஃப்ஐ அவுட்போர்டுகளில் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்தது என்பதை வைத்து எஞ்சின் கம்ப்யூட்டரே செலவைக் கணக்கிடும். உங்கள் எஞ்சினில் அந்த இணைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் தனி மீட்டருக்குக் காசு போட வேண்டியதில்லை.

மே 24

கச்சான், அதாவது மேற்குப் பக்கக் காற்று, எழுந்துவிட்டது. மார்ச்சில் விட்ட 1.8-க்கு இப்போது வருகிறேன். இந்த இழையில் நான் சொல்ல வந்ததிலேயே முக்கியமானது இதுதான்.

தொண்டிக்குக் கிழக்கே கடல். மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும் காற்று கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும். கரையோரம் தண்ணீர் தட்டாக இருக்கும், ஏனென்றால் அங்கே அலை எழும்பக் காற்றுக்குத் தூரம் கிடைப்பதில்லை. காற்று முதுகில், படகு பறக்கும், லிட்டருக்கு 3 வரும், எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள். வெளியே போகப் போக அலை வளர்வது காற்றோடு போகும்போது தெரியாது. திரும்பும்போது அதே அலை முகத்தில் அடிக்கும். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல், காற்று ஏறினால் அலை குட்டையாக, நெருக்கமாக, செங்குத்தாக எழும். 27 கிலோமீட்டரில் குதித்துக்கொண்டு வர முடியாது, பெண்கள் பிள்ளைகள் முதுகு தாங்காது. கையைக் குறைப்பீர்கள். குறைத்து எங்கே வந்து நிற்பீர்கள்? 13, 14 கிலோமீட்டரில். பெட்ரோலை அதிகம் தின்னும் அந்த வேகத்திலேயே. அதன்மேல் எதிர்க்காற்றும் சேரும். 1.8 அப்படித்தான் வருகிறது.

போன வருடம் இதே மாதத்தில் வெளியூர்க் குடும்பம் ஒன்று இப்படித்தான் பெட்ரோல் தீர்ந்து நின்றது. எஞ்சின் நின்ற படகைக் காற்று கிழக்கே தள்ளிக்கொண்டே போகும், அந்தப் பக்கம் 1974 ஒப்பந்தத்தில் வகுத்த இலங்கை எல்லைக்கோடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகளெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும், கடலில் கண்ணுக்கு ஆள் தென்படுவதே அரிது. நல்லவேளை, வலை எடுக்கப் போன நாட்டுப்படகுக்காரர் ஒருவர் பார்த்துக் கயிறு கட்டி இழுத்து வந்தார். செலவான டீசலுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். அந்தப் பிள்ளைகள் கரையில் இறங்கியபோது நான் அங்கே இருந்தேன். உதடெல்லாம் உப்புப் பூத்து, பேச்சு வராமல் நின்றார்கள். அதற்கப்புறம்தான் இதையெல்லாம் உட்கார்ந்து எழுத வேண்டும் என்று தோன்றியது.

கடலோரக் காவல்படை எண் 1554. போனில் பதிந்து வையுங்கள், சிக்னல் இருக்கும் தூரத்திலேயே கூப்பிடுங்கள்.

மே 25

"மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு" என்ற விதியை நேற்று இரண்டு பேர் நினைவுபடுத்தினார்கள். நல்ல விதிதான், உலகம் முழுக்கப் படகுக்காரர்கள் சொல்வது. கச்சான் காலத்தில் தொண்டியில் அதைப் போட்டுப் பார்ப்போம்.

24 லிட்டர் டேங்க். ஒரு பங்கு 8 லிட்டர். லிட்டருக்கு 3 வீதம் 24 கிலோமீட்டர் போய்விடுவீர்கள். திரும்ப 24 கிலோமீட்டர், லிட்டருக்கு 1.8. ஆகும் செலவு 13.3 லிட்டர். மிச்சம் 2.7. அதிலும் உறிஞ்சுகுழாய்க்கு எட்டாமல் அடியில் கிடப்பது ஒரு லிட்டருக்கு மேல். ஆக உண்மையான கையிருப்பு ஒன்றரை லிட்டர், இரண்டரை கிலோமீட்டர் ஓடும்.

நான் திரும்பும் பக்கத்திலிருந்து கணக்குப் போடுகிறேன். எட்டாத பெட்ரோலை முதலிலேயே கழித்துவிட்டு, 6 லிட்டரைத் தொடாமல் ஒதுக்கினால் 17 லிட்டர் போலக் கையில் நிற்கும். ஒரு கிலோமீட்டர் போய்வர 0.33-உம் 0.56-உம், மொத்தம் 0.89 லிட்டர். 17-ஐ அதனால் வகுத்தால் 19 கிலோமீட்டர். அதுவும் வெளிக்கோடு. குடும்பத்தோடு போகும் நாளில் அதில் பாதிக்கு மேல் நான் போவதில்லை.

வாடைக் காலத்தில் கதை தலைகீழ். காற்று கரையைப் பார்த்து அடிக்கும், போகும்போதே கஷ்டம் தெரிந்துவிடும், யாரும் அதிக தூரம் போக மாட்டார்கள்.

ஜூன் 14

இ-20 பெட்ரோல் பற்றி. எத்தனாலில் லிட்டருக்கு ஆற்றல் குறைவு, பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். 20 சதவீதம் கலந்தால் லிட்டருக்கு ஆறேழு சதவீதம் ஆற்றல் குறையும். எத்தனால் கலக்காத காலத்து எண்களோடு ஒப்பிட்டு "எஞ்சின் கெட்டுப்போச்சு" என்று பயப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது வேறு விஷயம். எத்தனால் ஈரத்தை இழுக்கும், கடற்கரைக் காற்றில் கேட்கவே வேண்டாம். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும், எஞ்சின் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். மாதக்கணக்கில் டேங்கில் விட்டு வைக்காதீர்கள். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம் போடுங்கள்.

ஜூன் 22

கேள்வி கேட்ட காரைக்குடித் தம்பி தன் எண்களை அனுப்பியிருக்கிறார், எடை போட்டே எடுத்திருக்கிறார். மிகவும் சந்தோஷம். அமைதியான கடலில், நான்கு பேரோடு, வழுக்கும் வேகத்தில் லிட்டருக்கு 2.3 என்கிறார். முழு த்ராட்டிலில் ஆர்பிஎம் 4900-ஐத் தாண்டவில்லையாம்.

அந்தக் கடைசி வரிதான் விஷயம் தம்பி. இந்த வகை எஞ்சின் முழு த்ராட்டிலில் 5000-க்கு மேல் ஏற வேண்டும், உங்கள் எஞ்சின் புத்தகத்தில் வரம்பு போட்டிருக்கும். ஏறவில்லை என்றால் ஏதோ பிடித்து இழுக்கிறது. முதலில் படகைத் திருப்பிப் போட்டு அடிப்பாகத்தைத் தடவிப் பாருங்கள். தண்ணீரிலேயே கட்டிப் போட்டிருந்தால் சிப்பி ஒட்டியிருக்கும், விரல் நகம் அளவு சிப்பி பரவலாக இருந்தாலே படகு வழுக்க மறுக்கும். ப்ரொப்பெல்லர் தண்டில் கடற்புல்லோ நைலான் நூலோ சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். புல் நிறைந்த இடத்தில் எஞ்சினைக் கொஞ்சம் தூக்கி மெதுவாகப் போங்கள். கடற்பசு மேய்கிற புல் அது, வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 2022-இல் அதற்கென்றே பாதுகாப்பகம் அறிவித்திருக்கிறார்கள்.

சுத்தம் செய்தும் ஏறாவிட்டால் ப்ரொப்பெல்லர் பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு அது முன்னேறப் பார்க்கும் தூரம், அதிகம் என்று அர்த்தம். முன்னாள் சொந்தக்காரர் ஒற்றை ஆளாக ஓட்டியிருப்பார், நீங்கள் குடும்பத்தோடு ஓட்டுகிறீர்கள். ஓர் அங்குலம் பிட்ச் குறைத்தால் 150 முதல் 200 ஆர்பிஎம் வரை ஏறும். புதிதாக வாங்கும் முன் யாரிடமாவது இரவல் வாங்கி மாட்டி, அதே வழியில், அதே ஆட்களோடு, மறுபடி எடை போட்டுப் பாருங்கள்.

அதுவரைக்கும் உங்கள் கணக்குக்குப் போக 2.3, வர 1.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். 17 லிட்டருக்கு 14, 15 கிலோமீட்டர் வரும். குடும்பத்தோடு போனால் ஏழிலேயே திரும்பிவிடுங்கள். அடிப்பாகம் பார்த்த பிறகு புது எண்களை இங்கேயே போடுங்கள்.